மஞ்சள் பையில் போன தோட்டாக்கள்

வெடிமருந்துத் தோட்டாவைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, இது ஆகும், இது ஆகாது என்று பிரித்து வைப்பதுதான் பதினோரு வருடம் என் வேலையாக இருந்தது. கிணறு வெட்டும் தொழிலில் அப்படித் தனியாக ஒரு வேலை கிடையாது. எங்கள் குழுவில் மட்டும் இருந்தது. அதை எனக்காக உண்டாக்கியவர் என் மனைவியின் அண்ணன்.

அதற்கு முன்னால் நான் நத்தத்தில் ஒரு மாங்காய் மண்டியில் இருந்தேன். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் அங்கே சேர்த்துவிட்டார்கள். லாரியில் வந்து இறங்கும் காயைத் தரம் பிரித்துக் கூடையில் அடுக்க வேண்டும். கண்ணைவிட விரலுக்குத்தான் அங்கே வேலை. பார்வைக்குப் பச்சையாக இருக்கும். காம்புக்குப் பக்கத்தில் லேசாக அமுக்கினால் உள்ளே கொழகொழவென்று போயிருப்பது தெரியும். பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. நாலு பேர் கூடி நின்றால் எனக்குப் பேச்சு வராது. கடையில் ஒரு தீப்பெட்டி வாங்குவதற்குக்கூட, கூட்டம் குறையட்டும் என்று எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருப்பேன்.

கல்யாணம் ஆன அடுத்த வருடம் மச்சான் என்னைத் தன் குழுவுக்குக் கூப்பிட்டார். வெடி வைப்பதற்கான லைசென்ஸ் அவரிடம் இருந்தது. எண்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லைச் சுற்றிக் கிணற்று வேலைக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு ஆள் ஆழத்துக்கு மண், அதற்குக் கீழே பாறை. மழை குறையக் குறையத் தோட்டக்காரர்கள் கிணற்றை இன்னும் ஆழமாக்கிக்கொண்டே போனார்கள். டிராக்டரில் கம்ப்ரசரை இழுத்து வந்து, பாறையில் குழி போட்டு, குழிக்கு ஒரு தோட்டா இறக்கி, மேலே களிமண் வைத்து அடைத்து, எல்லாரும் ஏறி வந்த பிறகு வெடிப்போம்.

முதல் நாள் பெட்டியிலிருந்து தோட்டாக்களை எடுத்துக் கொடுக்கச் சொன்னார்கள். நல்ல தடித்த மெழுகுவத்தி அளவு இருக்கும். வெளியே மெழுகுத்தாள் சுற்றியிருக்கும். மண்டிப் பழக்கத்தில் ஒவ்வொன்றையும் என்னை அறியாமல் அமுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் பிசைந்து வைத்த சப்பாத்தி மாவு போல விரலுக்கு இடம் கொடுத்தன. விரலை எடுத்தால் பள்ளம் மெதுவாக நிரம்பியது. ஒன்று மட்டும் காய்ந்துபோன அல்வா மாதிரி கெட்டியாக இருந்தது. லேசாக வளைத்தபோது தாளுக்குள் நறநறவென்றது.

"மச்சான், இது மத்தது மாதிரி இல்ல" என்று அவர் காதுக்குப் பக்கத்தில் போய்ச் சொன்னேன்.

அவர் வாங்கி அமுக்கிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். அன்றைக்கே எனக்குப் புது வேலை வந்துவிட்டது.

கொஞ்ச நாளில் கை நன்றாகப் பழகிவிட்டது. புதுத் தோட்டா எது, வெயிலில் கிடந்தது எது, பல மாதம் பெட்டியில் தூங்கியது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். சிலவற்றுக்கு வேர்த்திருக்கும். தாள் பிசுபிசுவென்று ஒட்டும். அது கையில் பட்டால் அன்றைக்கு முழுவதும் மண்டை இடிக்கும். அவற்றை ஒதுக்குவதில் யாருக்கும் சந்தேகம் வராது. கெட்டியானவைதான் ஏமாற்றும். பார்வைக்கு நல்லதுபோலவே இருக்கும். மிருதுவானதைக் குழிக்குள் விட்டு மரக்கம்பால் தள்ளினால் பாறையின் வளைவு நெளிவுக்குத் தக்கபடி அமுங்கி உட்கார்ந்துகொள்ளும். கெட்டியானது இடையில் எங்காவது சிக்கி நிற்கும். அதைத் தள்ளும்போது விழுகிற அடி முழுவதையும் அது வாங்கிக்கொள்ளும். வெடிக்காமல் போய்விடும் என்று நான் பயந்ததே இல்லை. ஆள் பக்கத்தில் இருக்கும்போதே வெடித்துவிடும் என்பதுதான் என் பயம்.

எங்களுக்குள் ஒரு முறை உண்டாகியிருந்தது. வேலை தொடங்கும் முன் கிணற்று மேட்டில் நிழல் பார்த்து உட்காருவேன். இடது பக்கம் நனைத்துப் பிழிந்த சாக்கு. வலது பக்கம் ஒரு மஞ்சள் துணிப்பை. நல்லது சாக்கில் போகும். ஆகாதது பையில் போகும். நான் வாய் திறந்து எதையும் சொல்ல வேண்டியதில்லை. முடிந்ததும் சாக்கைச் சுருட்டி மச்சானிடம் கொடுப்பேன். அவர் அதைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார். மஞ்சள் பையைத் தன் மொபெட்டில் மாட்டிக்கொண்டு போய் டவுனில் மருந்துக் குடோனில் திருப்பிக் கொடுத்துவிடுவார். குடோன், ஆபீஸ், போலீஸ் என்று ஆட்களிடம் பேச வேண்டிய இடத்துக்கெல்லாம் அவர்தான் போவார். எனக்கு அது பெரிய நிம்மதி.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது தோட்டக்காரர் யாராவது பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்தால் மச்சான் விடமாட்டார்.

"அண்ணே, செத்த நேரம் பேசாம நில்லுங்க. எங்க மாப்ள கை வச்சாருன்னா ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்த மாதிரி."

"அப்படி என்னய்யா தெரியும் அந்தக் கையில?"

"ஒங்க மாமியா மனசத் தவிர எல்லாம் தெரியும்."

சிரிப்பார்கள். நான் தலையைத் தூக்கமாட்டேன். ஆனால் உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். அந்தச் சுற்று வட்டாரத்தில் என் பெயர் பல பேருக்குத் தெரியாது. கட்டைவிரல் மாப்ளை என்றால் தெரியும்.

கீழே தோட்டாவைக் குழிக்குள் இறக்குபவர் சேவுகம்பட்டிக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கிணற்றில் இறங்கும் முன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொள்வார். பிறகு என்னைப் பார்த்து ஒரு கும்பிடும் போடுவார்.

"எதுக்குண்ணே என்னையப் போயி?" என்பேன்.

"மேல இருக்கவரு பாக்கறது ஒரு பக்கம். மேட்டுல இருக்க நீ பாக்கறது ஒரு பக்கம். சாக்குல வந்துச்சுன்னா கண்ண மூடிக்கிட்டு எறக்குவேன் அப்பு."

விபத்து நடந்தது நத்தம் ரோட்டில் ஒரு மாந்தோப்புக் கிணற்றில். கோடை. பிஞ்சு உதிர ஆரம்பித்திருந்தது. தோப்புக்காரர் நாள் முழுவதும் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். முந்தின நாள் வாங்கி வந்த பெட்டி பழைய சரக்கு. குடோன்காரர் திருவிழாவுக்கு ஊருக்குப் போய்விட்டதால் இரண்டு நாள் குடோன் பூட்டியிருக்கும், வேறு பெட்டி கிடைக்காது என்று மச்சான் காலையிலேயே சொல்லியிருந்தார். நான் அமுக்க அமுக்க மஞ்சள் பை நிறைந்துகொண்டே வந்தது. அத்தனை அதிகமாக நான் எந்த நாளும் கழித்ததில்லை. குழிகளுக்குப் போதவில்லை.

"இன்னைக்கு ரொம்பக் கழிஞ்சிருச்சு மச்சான். நாலஞ்சு குழிய நாளான்னைக்குப் பாத்துக்கலாம்."

"சரி மாப்ள. இருக்கறத வச்சு அடிப்போம். நீ போயி ரோட்டுப் பக்கம் ஆடு மாடு வராமப் பாரு."

சாக்கைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன். மஞ்சள் பையை மொபெட்டில் மாட்டினேன். சிவப்புத் துணியை எடுத்துக்கொண்டு தோப்பைத் தாண்டி ரோட்டுக்குப் போனேன். வெடிப்பதற்கு முன் மூன்று முறை விசில் ஊத வேண்டும். விசில் வரவில்லை. ஆனால் சத்தம் வந்தது. ஒரே ஒரு சத்தம், வாயைப் பொத்திக்கொண்டு இருமியது போல. துணியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

முதல் குழியில் முதல் தோட்டா. மற்ற குழிகளில் இன்னும் எதுவும் இறக்காததால் சேவுகம்பட்டிக்காரருக்கு உயிர் மிஞ்சியது. தள்ளிக்கொண்டிருந்த கம்பு சிதறி மேலே வந்திருந்தது. வலது கையில் கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்கள் இல்லை. வலது கண்ணும் போய்விட்டது. தோப்புக்காரரின் வேனில் திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் தலை என் மடியில் இருந்தது. "சாக்குல இருந்ததுதான அப்பு? சாக்குல இருந்ததுதான?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஆமாம் என்று சொன்னேன்.

ஆஸ்பத்திரி வாசலில் மச்சான் என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"மாப்ள, யாரு என்ன கேட்டாலும் நான் பாத்துக்கறேன். நீ கலங்காத. மனுசக் கைதான, ஒண்ணு ரெண்டு தப்பத்தான் செய்யும்."

அவர் அதைச் சொல்லும்வரை என் கை தப்பியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு வேறு எதுவும் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். தோப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். குழுவில் இருந்த எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். சாக்கில் வந்தால் அது இவர் பார்த்தது. தோட்டா சாக்கில்தான் வந்தது. பொய் எதுவும் இல்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"நீதான் பார்த்து அனுப்பினாயா?"

"ஆமாங்கய்யா."

"எல்லாம் நன்றாக இருந்ததா?"

எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிறையக் கழித்தேன் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். துண்டின் நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றேன். மச்சான் முன்னால் வந்தார்.

"அய்யா, அவரு கூச்ச சுபாவம். படிப்பும் இல்ல. நம்பித்தான் விட்டிருந்தேன். பதினோரு வருசமா ஒரு கொறையும் இல்ல. இந்த ஒரு தடவ கை ஏமாந்துருச்சு. மன்னிச்சு விடுங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். லைசென்ஸ் இல்லாத ஆளிடம் இதையெல்லாம் விடக் கூடாது என்று மச்சானைக் கண்டித்துவிட்டுப் போனார். மச்சான் எனக்காக எல்லார் முன்னாலும் கும்பிட்டு நின்றது என் மனதில் பதிந்துபோனது. வீட்டில் என் மனைவியிடம், "ஒங்கண்ணன் இல்லைன்னா இன்னைக்கு நான் உள்ள இருப்பேன்" என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு ஆறு வருடம் நான் தோட்டாவைத் தொடவில்லை. குழுவிலேயே இருந்தேன். கம்ப்ரசரின் ஓஸ் குழாயை இழுப்பேன், சிவப்புத் துணி பிடிப்பேன். மாங்காயைக்கூட அமுக்கிப் பார்க்காமல் வாங்குவேன். மாதம் ஒரு தடவை வத்தலக்குண்டு பஸ் பிடித்து, கிடைக்கிற காயோ பழமோ ஒரு பையில் வாங்கிக்கொண்டு சேவுகம்பட்டிக்குப் போவேன். அவர் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் உட்காருவேன். மழை, பூ விலை என்று ஏதாவது சொல்வார். அந்த நாளைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. அவர் மனைவி தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து என் முகத்தைப் பார்க்காமல் கீழே வைத்துவிட்டுப் போவார். அந்தச் செம்பு தரையில் படும் சத்தம் பஸ்ஸில் திரும்பி வரும்வரை காதில் இருக்கும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் பழைய தோட்டாக்கள் வருவது நின்றது. பிளாஸ்டிக் உறையில் பசைபோல அடைத்த புதுத் தோட்டாக்கள் வந்தன. அதை எப்படிக் கையாள்வது என்று சொல்லிக் கொடுக்க, திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வெடி வைக்கிறவர்கள், குவாரிக்காரர்கள் எல்லாரும் வர வேண்டும். துணைக்கு ஒரு ஆள் இருக்கட்டும் என்று மச்சான் என்னையும் பைக்கில் கூட்டிப்போனார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பேசியவர் இளைஞர், கண்ணாடி போட்டவர். ஆனால் எங்களுக்குப் புரியும்படி பேசினார். வெடிமருந்து என்பது துகள் மாதிரி என்றார். அந்தத் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பசை. ராணுவத்துக்குச் செய்யும்போது ரப்பர் மாதிரி, பிளாஸ்டிக் மாதிரி ஒரு பசையில் துகளைப் பொதிந்து வைக்கிறார்களாம். அதை இழுத்துப் பார்ப்பார்கள், அமுக்கிப் பார்ப்பார்கள், மேலே எடையைப் போட்டுப் பார்ப்பார்கள், எந்த அளவுக்குத் தாங்குகிறது என்று. பசை மிருதுவாக இருக்கும்வரை விழுகிற அடி நாலு பக்கமும் பரவிப் போய்விடும். வெயிலிலும் நாள்பட்டும் பசை இறுகிப்போனால் உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் கீறல் விடும். அப்புறம் அடி பரவாது. கீறல் இருக்கிற ஒரே இடத்தில் போய்ச் சேரும். அங்கே சூடு பிறக்கும்.

மருந்தே இல்லாத இரண்டு மாதிரித் துண்டுகளைக் கொண்டுவந்திருந்தார். ஒன்றை அமுக்கினார், அமுங்கி எழுந்தது. இன்னொன்றை வளைத்தார். மைக்குக்குப் பக்கத்தில் நறநறவென்று கேட்டது.

 மாங்காய் மண்டியிலும் கிணற்று மேட்டிலும் என் விரலுக்குத் தெரிந்திருந்ததை அவர் வாயால் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. பிறகு, இத்தனை தெரிந்த விரல் அன்றைக்கு மட்டும் எப்படி ஒரு கெட்டித் தோட்டாவைச் சாக்கில் போட்டது என்று நினைத்தேன். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

டீ கொடுக்கிற இடத்துக்கு வந்தேன். ஒரு பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மருந்துக் குடோனில் சாவி வைத்திருந்தவர், வேலையிலிருந்து நின்றுவிட்டார், பழைய ஆட்களைப் பார்க்க வந்திருக்கிறார் என்று டீ கொடுத்தவன் சொன்னான். அவரே என்னைக் கூப்பிட்டார்.

"ஒன் மச்சானோட வந்து எறங்குனதப் பாத்தேன். நீதான அந்தக் கட்டவிரல் மாப்ள?"

தலையாட்டினேன்.

"அவரு வாரப்பல்லாம் ஒன் பேச்சுத்தான். நெசமாவே பாப்பியா, இல்ல சும்மா தோட்டக்கார சம்சாரிகளுக்கு வேசம் காட்டுறதா?"

"நெசந்தாண்ணே."

"பெறகு கழிச்சத என்ன செஞ்சீக? கண்ட எடத்துல போடக் கூடாதுப்பா அதெல்லாம்."

"குடோன்லதான குடுத்தோம். மஞ்சப்பையில. மச்சான் கொண்டாந்து..."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்தக் குடோன்ல?"

"ஒங்க குடோன்லதாண்ணே."

"அப்பு, நான் அங்க இருந்த வரைக்கும் கெட்டுப்போச்சுன்னு ஒன் மச்சான் ஒத்தத் தோட்டா திருப்பிக் கொண்டாந்ததில்ல. வந்தா அதத் தனியா வச்சு, மேல தகவல் சொல்லி, ஆளு வந்து அழிக்கணும். பெரிய வேல அது. எனக்கு மறந்துபோகுமா?"

அவர் அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். என் காதில் விழவில்லை. என் கண்ணுக்கு முன்னால் மஞ்சள் பைகள் வந்துகொண்டிருந்தன. நத்தம் ரோட்டுப் பை மட்டும் இல்லை. முதல் கிணற்றிலிருந்து பதினோரு வருடமாக நான் நிரப்பி மாட்டிவிட்ட ஒவ்வொரு பையும். இன்னொன்றும் ஞாபகம் வந்தது. விபத்து நடந்த மறுநாள், அந்தப் பை எங்கே என்று மச்சானிடம் கேட்டேன். "நேத்தே குடோன்ல குடுத்துட்டேன் மாப்ள" என்றார். குடோன் பூட்டியிருக்கும் என்று முந்தின நாள் சொன்னவரும் அவர்தான். ஆறு வருடமாக அந்த இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து மச்சான் பைக்கை எடுக்க வந்தபோது கேட்டேன்.

"மஞ்சப்பைத் தோட்டாவெல்லாம் எங்க மச்சான் போச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். மண்டபத்துப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"கெணத்துலதான் போச்சு. வேற எங்க போகும்? நீ ஓஸப் பாக்க, ஆட்ட வெரட்டன்னு அங்கிட்டுப் போனதும், யாரும் பாக்காதப்ப சாக்குக்குள்ள சேத்து எறக்கிருவேன். மொத தடவ பயந்துக்கிட்டுத்தான் வச்சேன். வெடிச்சுச்சு. அடுத்த கெணத்துலயும் வெடிச்சுச்சு. பதினோரு வருசம் மாப்ள! நீ கழிச்சதுல ஒண்ணாவது வெடிக்காமப் படுத்துச்சா? நீயே சொல்லு."

"வெடிக்காதுன்னு நான் எப்பச் சொன்னேன்? எறக்கும்போதே வெடிச்சிரும்னுதான சொன்னேன்."

"அம்புட்டு வருசத்துல ஒருக்காத்தான?"

"அப்ப என்னைய எதுக்கு உக்கார வச்சீக?"

"நீ அமுக்கறதப் பாத்தா சம்சாரி நம்புறான்ல. கீழ இருக்கவன் நம்புறான்ல. நடுங்காம எறக்குவான். நல்லதுக்குத்தான் மாப்ள வச்சேன்."

"அன்னைக்கு என் கை ஏமாந்துருச்சுன்னு சொன்னீகளே."

"வேற என்ன சொல்லச் சொல்ற? என் லைசென்ஸ் போனா எல்லாக் குடும்பமும் தெருவுல நிக்கும். ஒனக்கு லைசென்ஸே இல்ல. ஒனக்குப் போறதுக்கு என்ன இருக்கு?"

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. ஒரு கணக்கை எனக்குப் புரியவைக்கிறவர் போலச் சொன்னார். சொல்லிவிட்டு, "ஏறு, போவோம்" என்று பைக்கை உதைத்தார். நான் ஏறவில்லை. நாகல் நகரிலிருந்து வீடுவரை நடந்தே போனேன்.

மனைவியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமல் கேட்டாள். அண்ணனுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அழுதாள். பிறகு சொன்னாள்:

"அன்னைக்கு அந்த அதிகாரி கேக்கறப்ப, நெறையக் கழிச்சேன்னு ஒரு வார்த்த சத்தமாச் சொல்லியிருந்தா, அப்ப அந்தப் பை எங்கன்னு அவரு கேட்டிருப்பாருல்ல?"

 

மறுநாள் சேவுகம்பட்டிக்குப் போனேன். பை எதுவும் கொண்டுபோகவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவியும் நின்று கேட்டார்.

"கெட்டியாத்தான் இருந்துச்சு" என்றார் அவர்.

"என்னண்ணே?"

"அந்தத் தோட்டா. கையில எடுத்ததுமே தெரிஞ்சிச்சு. இதென்ன கட்ட மாதிரி இருக்குன்னு நெனச்சேன். குழிக்குள்ள பாதியில நின்னுச்சு. எடுத்துறலாமான்னு ஒரு நெனப்பு. ஆனா சாக்குல வந்தது. அவன் பாத்த பெறகு நமக்கென்ன தெரியுதுன்னு தள்ளுனேன்."

விரல் இல்லாத கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் கையும் சரியாத்தான் சொல்லியிருக்கு."

 பிறகு அவர் சொன்னார்: "ஆறு வருசமா நீ கொண்டாந்ததையெல்லாம் தின்னேன். தின்னுக்கிட்டே ஒன்னத் திட்டுனேன். நீ போனதும் திட்டுவேன். இவளுக்குத் தெரியும். அவன வரச் சொல்லு. வந்து என் மொகத்தப் பாத்து, நான்தான் வச்சேன்னு ஒருக்கா சொல்லச் சொல்லு. அது போதும் எனக்கு."

நான் எழுந்தபோது அவர் மனைவி தண்ணீர்ச் செம்பை என் கையில் கொடுத்தார்.

மச்சான் போகமாட்டார் என்று எனக்குத் தெரியும். என்றாலும் போய்ச் சொன்னேன். தனியாகச் சொன்னால் மழுப்பிவிடுவார் என்பதால், கிணற்று மேட்டில் குழு மொத்தமும் இருக்கும்போது, தோட்டக்காரரும் நிற்கும்போது சொன்னேன். வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. குரல் கிழிந்து வந்தது. நான் கழித்ததெல்லாம் இவர் சாக்கில் சேர்த்துத்தான் இறக்கினார், சேவுகம்பட்டி அண்ணன் கை போனது அதனால்தான், அவரிடம் போய் இவர் சொல்ல வேண்டும் என்றேன்.

மச்சான் சிரித்தார். "மாப்ளைக்கு வெயில் ஏறிருச்சு. யாராச்சும் மோர் குடுங்கப்பா."

ஒருவரும் சிரிக்கவில்லை. இப்போது தோட்டா இறக்குகிறவன் கையிலிருந்த மரக்கம்பை மெதுவாகக் கீழே வைத்தான். "அப்ப இன்னைக்கு எறக்கப்போறது யாரு பாத்தது?" என்று கேட்டான். மச்சான் புதுச் சரக்கு, கம்பெனியே பார்த்தது என்று என்னென்னவோ சொன்னார். அவன் கிணற்றில் இறங்காமல் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு அந்தக் கிணற்றில் வெடி வைக்கவில்லை. மறுநாள் வேறு ஆளை வைத்து வெடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மச்சான் சேவுகம்பட்டிக்குப் போகவில்லை. வீட்டில் நல்லது கெட்டதுக்கு வருவார். என் மனைவி சோறு போடுவாள், பேசமாட்டாள். அவர் என்னை மாப்ள என்றுதான் இன்னும் கூப்பிடுகிறார்.

நான் நத்தத்துக்கே திரும்பி மாங்காய் மண்டியில் சேர்ந்துவிட்டேன். விரல் எதையும் மறக்கவில்லை. கழித்த காயை ஒரு ஓரமாகக் குவிப்பேன். சாயங்காலம் தள்ளுவண்டி வந்து அதை அள்ளிக்கொண்டு போகும். மாட்டுக்கும் குப்பைக்கும் போகிறது, நீ எதற்குக் கூடவே போகிறாய் என்று முதலாளி கேட்பார்.  துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே நடப்பேன். கடைசிக் காய் எங்கே விழுகிறது என்று நின்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.